லிஃப்ட் ஓடிய ஒரே இடம்

அவளை எல்லோரும் நர்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்ஸ் இல்லை. 'அவசர மருத்துவ உதவியாளர், முதல் நிலை' என்பதுதான் அடையாள அட்டையில் அச்சிட்டிருக்கும் பதவி. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி கண்ணை மூடிவிடுவார் என்பதால், இருபத்திரண்டு வருடமாக ஊரே சேர்ந்து அவளை நர்ஸாக்கி வைத்திருந்தது. அவளும் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துகொண்டு குதிக்கிறவளுக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன?

அந்த வருடம்தான் துறைக்குக் கண்ணாடி வந்தது. சுற்றறிக்கையில் அதற்கு 'மெய்நிகர் பயிற்சிக் கருவி' என்று பெயர். முகத்தில் மாட்டிக்கொண்டால் ஆள் நீச்சல் குளத்துக்குப் போகிறவர் மாதிரி தெரிவதால் நிலையத்தில் எல்லோரும் கண்ணாடி என்றே சொன்னார்கள். அதை மாட்டினால் நோயாளி தெரிவார், ரத்தம் தெரியும், கதவோரம் நின்று அழுகிற சொந்தக்காரர்கள் தெரிவார்கள். எதிரில் கிடக்கும் மேஜை மட்டும் தெரியாது. முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கு முழங்காலில் நல்ல அடி. முதலுதவிப் பயிற்சியில் நிஜமாகவே முதலுதவி நடந்தது அப்போதுதான்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். அவர் ஆம்புலன்ஸில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். அதுவும் புகைப்படத்துக்காக, வண்டி நின்றுகொண்டிருந்தபோது. "இனிமேல் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். கைதட்டினார்கள். நர்ஸக்காவும் தட்டினாள். தட்டாதவர்கள் பெயரை மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணாடிக்குள் காட்டுவதற்குக் கதை வேண்டுமல்லவா? மனதை விட்டு நீங்காத ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கம்பெனி கேட்டது. மூத்தவள் என்பதால் நர்ஸக்காவை உட்காரவைத்தார்கள். எதிரே குறிப்பு எடுத்தவன் கம்பெனியின் பொறியாளன், முப்பது வயதுக்காரன். நிலையத்தில் அவனுக்குக் கண்ணாடித் தம்பி என்று பெயராகிவிட்டது. அவள் கணக்கு வாத்தியாரின் கதையைச் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஐந்தாவது மாடி வீடு. மாலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனுஷர் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்திருக்கிறார். மேஜையில் கட்டுக் கட்டாகத் தாள், ஜன்னலில் பச்சைத் திரை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. மனைவி தரையில் மண்டியிட்டு, போனில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்காரி எண்ணச் சொல்லச் சொல்ல, மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழுது. நேற்று முந்தாநாள் பழுது அல்ல. கதவில் ஒட்டிய 'பழுது' என்ற காகிதமே பழுப்பேறிக் கிழிந்து, வேறு காகிதம் ஒட்டும் அளவுக்குப் பழுது. டிரைவர் அண்ணன் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் நர்ஸக்கா பதினொரு கிலோ பையை முதுகிலும் எட்டு கிலோ ஷாக் மெஷினைக் கையிலுமாக ஐந்து மாடி ஏறினாள். மூன்று முறை ஷாக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் போராடினார்கள். வாத்தியார் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னவள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். நாலாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். ஷாக் மெஷினை அங்கிருந்த ஜன்னல் திட்டில் இறக்கி வைத்து, கை மாற்றி, மூச்சு வாங்கிக்கொண்டாள். பத்து விநாடி இருக்கலாம், இருபதும் இருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. அறிக்கையில் அதற்கென்று கட்டமும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக அவள் பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தத் திட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்த விநாடிகளில்தான் வாத்தியார் போனார் என்று ஒரு நாள் தோன்றும். அதெல்லாம் இல்லை என்று மறுநாள் தோன்றும். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

கண்ணாடித் தம்பி பொல்லாத உழைப்பாளி. பச்சைத் திரை, தாள் கட்டு, சிவப்புப் பேனா, கதவோரச் செருப்பு வரைக்கும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டான். படியையும் கட்டினான், ஐந்து மாடிக்கும், ஒவ்வொரு திருப்பத்தோடும். அங்கேதான் வந்தது வினை. சோதித்துப் பார்க்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட இயக்குநர், இருந்த இடத்தில் நின்றபடியே படியேறி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் மத்தியானச் சாப்பாட்டை முழுவதுமாகக் கார்ப்பெட்டில் கொட்டினார். உடம்பு நிற்கிறது, கண் ஏறுகிறது, வயிறு யார் பேச்சைக் கேட்கும்? கண்ணாடித் தம்பி துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே உத்தரவு வந்துவிட்டது. படியை எடு, லிஃப்டை ஓடவை.

அந்தக் கட்டடத்துக்காரர்கள் மனு மேல் மனு போட்டு மூன்று வருடமாக நகராத லிஃப்ட், ஒரே மத்தியானத்தில் ஓட ஆரம்பித்தது. நுழைந்தால் கதவு மூடும், மணி அடிக்கும், கதவு திறந்தால் வாத்தியார் வீடு. உள்ளே மெல்லிய வீணை இசைகூட வைத்திருந்தார்கள். அது மட்டுமா? நிஜத்தில் போய்விட்ட வாத்தியார் இதில் போகவே மாட்டார். பயிலுகிறவர்களின் மனம் சோர்ந்துவிடக் கூடாதாம். ஆறு படிநிலைகளையும் வரிசையாகச் செய்தால், ஒரே ஷாக்கில் கண்ணைத் திறந்து, செய்தி வாசிப்பவர் குரலில், "நன்றி. நீங்கள் என் உயிரைக் காப்பாற்றினீர்கள்" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் நர்ஸக்கா காப்பாற்றியவர்களில் ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்லை. முக்கால்வாசிப் பேர் முதலில் அவள் மேல் வாந்தி எடுத்தார்கள். மிச்சப் பேர் செருப்பு எங்கே என்று கேட்டார்கள்.

தேர்வு வைத்தார்கள். கதை கொடுத்தவள் என்று முதல் ஆளாக அவளையே கூப்பிட்டார்கள். கண்ணாடியை மாட்டினாள். அதே வாசல், அதே சாம்பல் நிறச் சுவர். கால் தானாகவே இடப்பக்கம் படியைத் தேடிப் போனது. கண்ணாடிக்குள் அங்கே வெறும் சுவர். சரி, இருட்டில் தெரியவில்லை போல என்று இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். நிஜச் சுவரில் நெற்றி முட்டியது. 'எல்லையை மீறிவிட்டீர்கள்' என்று ஒரு குரல் சிவப்பெழுத்தோடு எச்சரித்தது.

"அக்கா, லிஃப்ட்ல போங்க, லிஃப்ட்ல" என்று கண்ணாடித் தம்பி பின்னாலிருந்து கெஞ்சினான்.

"அந்த பில்டிங்ல லிஃப்ட் ஏதுப்பா?"

"இதுல இருக்குக்கா."

"அப்போ இது அந்த பில்டிங் இல்ல" என்று கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டாள். மதிப்பெண் பூஜ்யம். நேற்று வேலைக்குச் சேர்ந்த, நிஜ நோயாளியைத் தொட்டே பார்க்காத ஒரு பையனுக்குத் தொண்ணூற்றாறு. அவன் படத்தை அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நெற்றி வீக்கத்தோடு போயிருக்கும். ஆனால் துறைக்குப் பெருமை தாங்கவில்லை. பொதுமக்கள் வந்து பார்க்கட்டும், நாங்களும் நவீனமாகிவிட்டோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வை நாள் வைத்தார்கள். பலூன் கட்டினார்கள். வரிசையில் வந்தவர்களில் வாத்தியாரின் மனைவியும் ஒருத்தி.

அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பது வருடமாக எழுதுகிறவள். டைம் கீப்பரம்மா என்றால் டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் உள்ளூர ஓர் உதறல். அவளுடைய நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: தாமதத்துக்குக் காரணம். பஞ்சர், மழை, ரயில்வே கேட், ஏதாவது ஒன்று அதில் இருந்தே ஆக வேண்டும்; காரணத்தை எழுதி, பக்கத்தில் பஸ்ஸைக் கொண்டுவந்தவனின் கையெழுத்தையும் வாங்காமல் அவள் ஒரு வண்டியையும் உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்டவள் புருஷனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தபோதும் எதிர்ச்சுவரின் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. 5.10, கீழே வண்டிச் சத்தம் நின்றது. 5.14, ஆம்புலன்ஸ்காரி உள்ளே வந்தாள். அன்றிரவே தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதினாள். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

கண்ணாடியை மாட்டி, அதிலிருந்த லிஃப்டின் கதவு திறந்தவுடன் முதலில் பச்சைத் திரையைத்தான் பார்த்திருக்கிறாள். அப்புறம் தாள் கட்டு, அப்புறம் சிவப்புப் பேனா. கத்தவில்லை, கழற்றி எறியவில்லை. பலூன் கட்டிய அந்த ஹாலின் தரையில் மண்டியிட்டு, காதில் ஒலித்த குரல் சொன்னபடி அழுத்தினாள். சொன்னபடி ஷாக் கொடுத்தாள். வாத்தியார் கண்ணைத் திறந்து அவளுக்கு நன்றி சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"வண்டி நின்னதுலேர்ந்து மூணு நிமிஷம் நாப்பது செகண்டு. சூப்பர்மா! முதல் தடவையே காப்பாத்திட்டீங்க" என்றான் தொண்ணூற்றாறு மதிப்பெண் பையன், கையில் பலூன் ஒன்றைக் கொடுத்து.

பலூனோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் புகார் வந்தது. அரைப்பக்கம்தான், கையெழுத்து முத்து முத்தாக. 'வண்டி நின்றதிலிருந்து மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் நான் என் கணவரைக் காப்பாற்றிவிட்டேன். நான் பஸ் டிப்போ ஊழியர். படித்த ஆம்புலன்ஸ் ஊழியருக்கு உள்ளே வரவே நான்கு நிமிடம் ஆனது. காரணம் தெரிவிக்கவும்.'

நியாயமான கேள்வி. பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர்: ஒருத்தர் கார்ப்பெட்டில் வாந்தி எடுத்தவர், ஒருத்தன் அவர் சொல்படி படியை எடுத்தவன், ஒருத்தி ஏறியவள். துறை மூன்றாமவளுக்கு நோட்டீஸ் கொடுத்தது. தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் தராவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்கில் போடுவார்களாம். பஞ்சும் கையுறையும் எண்ணுகிற வேலை. விசாரணையன்று குழுவின் முன்னால் அதே பயிற்சியை அவள் செய்துகாட்ட வேண்டும் என்றும் இருந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் வாத்தியாரை அவள் காப்பாற்றினால் நிஜ வாத்தியார் செத்ததற்கு அவள் பொறுப்பு. காப்பாற்றாவிட்டால் அதற்கும் அவள்தான் பொறுப்பு.

வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது கேம்மா. லிஃப்ட் பட்டனை அமுக்குனா முடிஞ்சுது. ஒரு தடவை அமுக்கிட்டு வந்துடேன்."

அச்சகத்தில் வேலை பார்க்கும் புருஷன் சட்டையிலிருந்த மைக்கறையைத் தேய்த்துக்கொண்டே, "அமுக்கிடு. வீம்பு எதுக்கு? கிடங்குல உக்காந்துக்கிட்டு பஞ்சை எண்ணுவியா நீ?" என்றான்.

"அமுக்குனா அந்தம்மா என்ன நெனைக்கும்?" என்றாள் நர்ஸக்கா. "லிஃப்ட்ல போயிருந்தா பொழைச்சிருப்பார், இவ சும்மா படியில ஆடி அசைஞ்சு வந்தான்னுதானே?"

உண்மையில் அவளுக்குப் பயம் கிடங்கைப் பற்றியது மட்டுமில்லை. அந்தம்மாவின் கேள்விக்கு அவளிடம் இருந்த பதிலில் ஒரு ஜன்னல் திட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு அது தெரியாது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற பெரிய டாக்டர். கடைசியாக நோயாளியைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். அடுத்து துறையின் சட்ட அதிகாரி, எதைப் பேசினாலும் விதி எண்ணோடு பேசும் அம்மாள். மூன்றாமவர் கண்ணாடிக் கம்பெனிக்காரர். கண்ணாடி சரியா, ஆள் சரியா என்று விசாரிக்கிற குழுவில் கண்ணாடி விற்றவருக்கே ஒரு நாற்காலி.

"ஆரம்பிக்கலாமா?" என்று தலைவர் கண்ணாடியைக் காட்டினார்.

"ஐயா, இதுல படி இல்ல" என்றாள் நர்ஸக்கா.

கம்பெனிக்காரர் சிரித்தார். "மேடம், படி ஏறுறது மருத்துவத் திறமை இல்லையே. எங்க ஆய்வுப்படி அது தேவையில்லாத சுமை."

"சுமைதான் சார். பத்தொம்பது கிலோ."

தலைவர் கையை உயர்த்தினார். "சரி சரி, நேரமாகுது. கண்ணாடியை மாட்டுங்கம்மா."

அப்போதுதான் கதவோரம் சாட்சியாக நின்ற டிரைவர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். ஆஸ்பத்திரி வாசல்களில் வண்டியை நிறுத்திக் காத்துக்கிடக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். இவர் துறையின் விதிப் புத்தகத்தைப் படிப்பார். முப்பது வருடத்தில் ஒன்பது முறை படித்து முடித்திருந்தார். இதுவரை அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

"ஐயா, ஒரு சின்ன விஷயம். விதி நாப்பத்தொண்ணு, உட்பிரிவு மூணு. தாமதப் புகார்னா சம்பவ இடத்தைக் குழு நேர்ல பாக்கணும். சம்பந்தப்பட்ட கருவிகளோட. பாக்காம கையெழுத்துப் போட்டா விசாரணை செல்லாது."

"அதெல்லாம் யாரும் பாக்குறதில்லப்பா" என்றார் தலைவர்.

சட்ட அதிகாரி அம்மாள் புத்தகத்தைப் புரட்டினாள். முகம் மாறியது. "இருக்கு சார். 'நேரில்'னே போட்டிருக்கு." இதுவரை தான் கையெழுத்துப் போட்ட செல்லாத விசாரணைகள் எத்தனை என்று அவள் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும், சட்டென்று எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தக் கட்டட வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். டைம் கீப்பரம்மா கீழேயே நின்றிருந்தாள், கையில் நோட்டோடு. குழு பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. வந்தது பத்து நாற்பத்திரண்டுக்கு. அவள் எழுதிக்கொண்டாள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

லிஃப்ட் கதவில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கம்பெனிக்காரர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உலகத்தில் அந்த லிஃப்டுக்குள் வீணை ஒலித்துக்கொண்டிருந்தது.

நர்ஸக்கா பையை முதுகில் ஏற்றப் போனாள்.

"குடுங்க" என்றாள் டைம் கீப்பரம்மா.

"எதைம்மா?"

"ரெண்டையும். நான் தெனமும் ரெண்டு வேளை ஏறி எறங்குற படிதான் இது. ரெண்டு நிமிஷம் கூட ஆகாது எனக்கு. உங்களுக்கு ஏன் நாலு ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

குரலில் அவ்வளவு கோபம். நர்ஸக்கா டிரைவர் அண்ணனைப் பார்த்தாள். அவர் விதிப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை போலிருக்கிறது, வானத்தைப் பார்த்தார். பையை அந்தம்மாவின் முதுகில் ஏற்றி வாரை இறுக்கிவிட்டு, ஷாக் மெஷினைக் கையில் கொடுத்தாள். டைம் கீப்பரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏற ஆரம்பித்தாள்.

முதல் மாடி ஓட்டமாகப் போனது. இரண்டாவது மாடியில் ஓட்டம் நடையானது. பின்னால் இரண்டு படி தள்ளி நர்ஸக்கா வெறுங்கையோடு ஏறினாள். இத்தனை வருடத்தில் வெறுங்கையோடு படியேறி அவளுக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மூன்றாவது மாடியில் அந்தம்மாவின் மூச்சு கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். மெஷின் ஒவ்வொரு படியிலும் முழங்காலில் இடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "நான் வாங்கிக்கட்டுமா?" என்று நர்ஸக்கா கேட்டாள். அந்தம்மா ஏறிக்கொண்டே இருந்தாள்.

நாலாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். ஜன்னல் திட்டில் மெஷினை இறக்கி வைத்தாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மூச்சு வாங்கினாள். பிறகு மறுகையால் மெஷினை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

நர்ஸக்கா அந்தத் திட்டருகே அப்படியே நின்றுவிட்டாள். அந்தம்மாவின் காலடி மேலே போய் நின்ற பிறகுதான் நகர்ந்தாள்.

டைம் கீப்பரம்மா தன் வீட்டு வாசலில், பையைக்கூடக் கழற்றாமல், கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் ஐம்பது விநாடி. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நோட்டில் எழுதினாள், அவளால் எழுதாமல் இருக்க முடியாது.

குழு வந்து சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். அவர்கள் கையில் சுமை என்று பார்த்தால் ஆளுக்கொரு பேனா. தலைவர் இரண்டாவது மாடியில் நின்று சுவரின் விரிசலை வெகுநேரம் ஆய்வு செய்தார். கம்பெனிக்காரருக்கு மூன்றாவது மாடியில் முக்கியமான போன் வந்தது. மணி அடித்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. சட்ட அதிகாரி அம்மாள்தான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தாள். கடைசியாகத் தலைவர் உள்ளே வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பச்சைத் திரைக்குப் பக்கத்து நாற்காலியில் விழுந்து, தண்ணீர் என்று சைகை காட்டினார். நர்ஸக்கா பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நூற்றிருபத்தெட்டு.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவர், மூன்று தவணையாக.

விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. தாமதத்துக்கு ஊழியர் பொறுப்பல்ல என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மூன்று பேருக்கும் இருந்தது. பின்னாளில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். கண்ணாடிக்குள் படி திரும்பி வந்தது. 'விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்' என்ற தலைப்பில், வாந்தி வரலாம் என்ற எச்சரிக்கையோடு. இன்றுவரை அதை விரும்பியவர் ஒருவரும் இல்லை. தொண்ணூற்றாறு வாங்கிய பையனும் லிஃப்டில்தான் போகிறான்.

குழு இறங்கத் தயாரானது. டிரைவர் அண்ணன் நர்ஸக்காவின் பக்கத்தில் வந்து, "முடிஞ்சுதும்மா. வா, போலாம்" என்றார் மெதுவாக. அவள் நகரவில்லை. சமையலறையில் டைம் கீப்பரம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்சமாகத்தான் வந்தது.

"நீங்க போங்கண்ணே. நான் வர்றேன்."

முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. "ஏம்மா, எழுதிக் கையெழுத்தே ஆயிடுச்சு. இனிமே எதுவும் சொல்லித் தொலைக்காதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கினார்.

சமையலறை வாசலில் நின்றாள். கண்ணைத் திறக்காத எத்தனையோ பேரை முட்டிபோட்டுப் பார்த்தவளுக்கு, கண் திறந்திருக்கும் இந்த ஒருத்தியைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் நேரா ஏறி வரல. நடுவுல நின்னேன். மெஷினை எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்கினேன். பத்து செகண்டோ இருவதோ. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. அறிக்கைலயும் எழுதல. அந்த நேரத்துலதான் அவர்… எனக்குத் தெரியலம்மா. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியல."

டைம் கீப்பரம்மா குழாயை மூடினாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாலாவது மாடியா?"

"ஆமா."

"ஜன்னல் திட்டு?"

"ஆமாம்மா."

"அங்கதான் நானும் வெச்சேன்" என்றாள். "எம்புருஷன் இங்க கெடக்குறார்னு நெனச்சுக்கிட்டேதான் ஏறினேன். அப்படி நெனச்சும் நின்னுட்டேன். கை ஒத்துக்கல."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். எந்தப் பயிற்சிக் கருவியிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

"அந்தக் கண்ணாடிக்குள்ள அவர் எனக்கு நன்றி சொன்னாரு" என்றாள் அந்தம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முப்பது வருஷத்துல ஒரு நாள் அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்ததில்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

நர்ஸக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்தம்மாவும் சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் நோட்டை எடுத்தாள்; கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 5.10. 5.14. பக்கத்தில் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த கட்டம். மேஜையில் வாத்தியாரின் சிவப்புப் பேனா இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். இவள் டிப்போக்காரி, பதிவேட்டில் நீல மைதான் செல்லும். தன் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, முத்து முத்தாக, 'ஐந்து மாடி. லிஃப்ட் இல்லை' என்று எழுதினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, 'நாலாவதில் நிற்காமல் முடியாது' என்று சேர்த்தாள்.

நோட்டை நர்ஸக்காவின் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள்.

"வண்டியைக் கொண்டுவந்தவங்க கையெழுத்துப் போடணும். அதுதான் ரூல்."

நர்ஸக்கா போட்டாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. டைம் கீப்பரம்மா அதை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்து, நோட்டை மூடினாள்.